வீட்டுப் பிள்ளைக்குப் பில் இல்லை

“செத்தவங்க எல்லாம் வந்து நாற்காலியப் பிடிச்சுக்கிட்டா உசுரோட இருக்கிறவங்க எங்க உக்கார்றது டாக்டரம்மா? எனக்கு முட்டி வலி. எங்க மாமியாருக்கு இனிமே என்ன வலி? அந்தம்மாவுக்கு முன்னாடி டோக்கன், எனக்குப் பின்னாடி டோக்கன். உசுரோட இருந்தப்பவும் இதே கதைதான்.”

எழுத்துப் பிசகாமல் இதுதான் நாகல்நகர் துளசிபாய் சொன்னது. சொன்ன இடம் எங்கள் வீட்டின் முன்பாதியான க்ளினிக் ஹால். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, சத்தம் கேட்டு நடுக்கதவைத் திறந்துகொண்டு டாக்டர் பெண்டாட்டி என்பதால் ஊருக்கு டாக்டரம்மாவான நான் வந்து நின்றிருந்தேன். யாரைப் பற்றிச் சொன்னாளோ அந்த மாமியார், போன தைக்கு முந்தின தையில் எரிக்கப்பட்டவர், ஜன்னலோரத்து நாற்காலியில், தன் நெற்றியில் வைத்து அனுப்பிய ஒரு ரூபாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார். உயிரோடிருந்தபோதும் அவர் அப்படித்தான் உட்காருவார்.

“துளசிபாய், உங்க மாமியார் கதவு திறக்கும்போதே வந்து டோக்கன் எடுத்தாங்க. நீங்க சீரியல் முடிஞ்சு வந்தீங்க. முன்னால வந்தவங்க முன்னால. இதுல செத்தவங்க, இருக்கிறவங்கன்னு பிரிச்சுப் பார்க்கிற வழக்கம் இங்க இல்ல” என்றேன்.

“நல்லா நியாயம் பேசுறீங்க. உங்க வீட்டு ஆளு யாராச்சும் இப்படி வந்து உக்காந்திருந்தா அந்தக் கஷ்டம் தெரியும்.”

சொல்லி முடித்ததும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். டோக்கன் கூப்பிடும் சவரியம்மா குனிந்து மேஜைக்கு அடியில் இல்லாத எதையோ தேடினாள். ஹாலில் இருந்த உயிருள்ளவர்களும் உயிரில்லாதவர்களும் ஒரே மாதிரி தரையைப் பார்த்தார்கள். நான் நடுக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். பருப்பு அடிப்பிடித்துப் போயிருந்தது, அதை அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் டாக்டர் இன்னாசிமுத்துவிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் தோல் பதனிடும் தோல்ஷாப்பிலும் பூட்டுப் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள், கையில் காசு இருக்கும்போது வியாதி வராதவர்கள், வியாதி வரும்போது காசு இல்லாதவர்கள். அதனால் ‘கணக்குல வச்சுக்கங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆளுக்கு ஒரு அட்டை. மாசக் கடைசியில் அந்த மர டிராயரை உருவிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, யாருக்கு எவ்வளவு என்று சீட்டு எழுதி அனுப்புவது நான். கான்வென்ட்டில் மதர் ஸ்டெல்லா என் விரலில் ஸ்கேலால் தட்டித் தட்டி வளர்த்த கையெழுத்து அதற்குத்தான் பயன்பட்டது. யாராவது இறந்துபோனதாகச் செய்தி வந்தால், அந்த அட்டையை எடுத்து, தலைகீழாக்கி, திரும்ப டிராயரிலேயே செருகிவிடுவேன். தலைகீழாக நிற்கும் அட்டைக்குச் சீட்டு கிடையாது. செத்தவர்களிடம் பாக்கி கேட்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கொழுந்தன் ஆரோக்கியம் சென்னையிலிருந்து வந்து, “மதினி, இந்தக் காலத்துல கையால பில் எழுதுறீங்களே, உங்க கண்ணு என்னத்துக்கு ஆகும்?” என்று ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இறக்கினான். ஒண்ணாம் தேதி பிறந்தால் அது தானாகவே கணக்குப் பார்க்கும், தானாகவே பில் அடிக்கும், தானாகவே கவரில் போடுகிற மாதிரி மடித்துத் தள்ளும், ஒட்டித் தபாலில் சேர்ப்பது மட்டும் சவரியம்மா வேலை. அட்டைகளைப் பார்த்து அதில் ஏற்றுவதற்கு இரண்டு பெண்களைக் கூட்டிவந்தான். சுத்தமான பெண்கள். டிராயரைத் திறந்ததும் முதல் காரியமாக, தாறுமாறாகக் கிடக்கிறதே என்று எல்லா அட்டைகளையும் நேராக நிமிர்த்தி அடுக்கினார்கள். அப்புறம் ஒன்றுவிடாமல் ஏற்றினார்கள். எனக்கும் விட்டது தொல்லை என்றிருந்தது.

அந்த மாதம் ஒண்ணாம் தேதி செத்தவர்களுக்கும் பில் போயிற்று.

வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? கவரில் அப்பா பேர் இருக்கிறது, அப்பா இல்லை. பிரிக்கவும் மனசில்லாமல், எறியவும் மனசில்லாமல், படத்துக்கு முன்னால் வைத்தார்கள். சிலர் கோபத்தில் கிழித்தார்கள். மறுநாள் சாயங்காலம் க்ளினிக் திறந்தபோது எல்லாரும் வந்துவிட்டார்கள், யார் வீட்டில் படத்துக்கு முன் வைத்தார்களோ அவர்கள் கவரைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு, யார் வீட்டில் கிழித்தார்களோ அவர்கள் துண்டுகளைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டிக்கொண்டு, புதைத்தபோது உடுத்திய கோட்டோடும் எரித்தபோது போர்த்திய கோடியோடும் வரிசையாக வந்து, வாசலில் தயங்கி நின்றார்கள். பாக்கி இருக்கிறது என்று வீட்டுக்குக் கடுதாசி வந்தால், மானமுள்ள ஜனம் வராமல் என்ன செய்யும்?

சவரியம்மா அசருகிற ஆள் இல்லை. மூக்கில் பஞ்சோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, “அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு உள்ள வாங்க, சின்னப் பிள்ளைக இருக்குது” என்றாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியோடு தத்தித் தத்தி வந்தவர்களை உட்காரவைத்து, கட்டுப் பிரிக்கும் கத்தரியால் நறுக்கிவிட்டாள். எல்லாருக்கும் டோக்கன் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். அவருக்குப் பழக்கதோஷம், நாடி பிடிப்பார், கிடைக்காது, “பரவாயில்ல” என்பார். அவர்களும் கடைசியாக வந்தபோது என்ன சொன்னார்களோ அதையே சொல்வார்கள், நெஞ்சு எரிகிறது, மூச்சு வாங்குகிறது, தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் பில்லை நீட்டி, “எவ்வளவு டாக்டர்?” என்று கேட்பார்கள்.

நெற்றிக் காசு வைத்து அனுப்பப்பட்டவர்கள் அந்தக் காசை எடுத்து மேஜையில் வைத்தார்கள். ஒரு ரூபாய் எந்தப் பில்லுக்குக் காணும்? ஆனால் அவர் அதை வாங்கிக்கொண்டு, போதும் என்று சிவப்புப் பேனாவால் பில்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். இல்லாதப்பட்டவர்களுக்கு இருபத்தைந்து வருஷமாக இழுக்கிற கோடு அது. கோடு விழுந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், எழுந்து கும்பிட்டு, நம் கண்ணெதிரே கேட்டைத் தாண்டி, பூக்கடைத் திருப்பத்தில் திரும்பிப் போய்விடுவார்கள். அப்புறம் அவர்களுக்குப் பில் வராது, அவர்களும் வரமாட்டார்கள்.

மற்றவர்களிடம் காசு இல்லை. முஸ்லிம்களைச் சுற்றிப் புதைக்கிற கஃபன் துணியில் பை கிடையாது. எங்கள் ஆட்கள் கையில் ஜெபமாலையைச் சுற்றி அனுப்புகிறோமே தவிர, வழிச்செலவுக்கு என்று யோசிப்பதில்லை. பேகம்பூர் காசிம் ராவுத்தர், தோல்ஷாப்பில் கங்காணியாக இருந்து இருமி இருமியே போனவர், ரொம்பக் கூச்சத்தோடு, “கணக்குல வச்சுக்கங்க டாக்டர், அடுத்த மாசம் பார்ப்போம்” என்றார். சரி என்றார் இவர். அதனால் அடுத்த ஒண்ணாம் தேதி ராவுத்தருக்கு மறுபடி பில் போயிற்று, மறுபடி வந்தார். இந்தத் தடவை அவருடைய வீட்டம்மா முன்கூட்டியே வந்து பக்கத்து நாற்காலியில் துப்பட்டியைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

இந்த விஷயம் ஊருக்குப் பிடிபட எவ்வளவு நேரம் ஆகும்? பாக்கி இருக்கிற வரைக்கும் வருவார்கள், பாக்கி தீர்ந்தால் வரமாட்டார்கள். அவ்வளவுதானே. அப்புறம் ஒண்ணாம் தேதி பிறந்தால் எங்கள் தெரு திருவிழாத் தெரு மாதிரி ஆயிற்று. பூக்காரி கூடையை எங்கள் கேட்டுக்கே மாற்றிக்கொண்டாள். பிறந்த குழந்தையைத் தாத்தாவிடம் காட்டத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி தனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையையே கூட்டிவந்து அப்பா முன்னால் நிறுத்தினாள், அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எனக்கு நெஞ்சு எரியுது” என்றார், கல்யாணம் நின்றுபோயிற்று. நெற்றிக் காசால் தங்கள் ஆட்களை ஒரே நாளில் தொலைத்துவிட்ட குடும்பங்கள், இது என்ன அநியாயம், கிறிஸ்தவனும் துலுக்கனும் மாசாமாசம் வரலாம், நாங்கள் மட்டும் ஒரே தடவையா என்று சண்டைக்கு வந்தார்கள். துளசிபாயின் மாமியாருக்கு மட்டும் அந்த வில்லங்கம் இல்லை, கையில் காசை வைத்துக்கொண்டே தர மறுத்தார். “ஊசி குத்தின இடம் இன்னும் வலிக்குது, எதுக்குக் காசு?” என்று மாசாமாசம் வந்து வாதாடிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் ஊரில் சாவுக்குச் சாவு நெற்றிக் காசு வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

அதைவிட ஒன்று. படுக்கையில் கிடக்கிறவர்களை ஆட்டோவில் போட்டு எடுத்துவர ஆரம்பித்தார்கள். ஒரு மகன், ஐம்பது வயசு ஆள், தன் அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து கைகூப்பி நின்றான். “ஒண்ணும் செய்ய முடியாதுன்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாங்க டாக்டர். எங்களுக்குத் தெரியும். நீங்க பிரஷர் மட்டும் பாருங்க. காசு கொடுக்க மாட்டோம். பாக்கி இருக்கட்டும்.” அந்த அப்பா மகனைப் பார்த்துச் சிரித்தார். இவர் பிரஷர் பார்த்தார். எங்கள் பங்குச்சாமியார்கூட ஒருநாள் நடுக்கதவு வழியாக வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, “செத்தவங்க பாவக்கடன் தீருற வரைக்கும் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பத்தி நானும் ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணியிருக்கேன் ஜெசிந்தா, அங்க என்னதான் பாக்கின்னு இப்பதான் எனக்கே பிடிபடுது” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தன் அம்மா என்றைக்காவது இங்கே வைத்தியம் பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

இப்படி ஊரில் உள்ள எல்லார் வீட்டு ஆளும் வந்தார்கள். ரெஜினா மட்டும் வரவில்லை.

ரெஜினா எங்கள் மகள். ஒரே மகள். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. அப்பா டாக்டர், வீட்டில் பாதி க்ளினிக், யார் பயப்படுவார்கள்? அவர் தொட்டுப் பார்த்து, “சாதாரணக் காய்ச்சல்தான்” என்றார். மாத்திரை கொடுத்தார், க்ளினிக்கின் உள்ளறைக் கட்டிலிலேயே படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார், அது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று அவருக்குத் தெரிந்தபோது நேரமாகிவிட்டது, மதுரைக்குப் போகிற வழியில், வாடிப்பட்டி தாண்டுமுன்னே போய்விட்டாள். அன்று மத்தியானம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, “வாய் கசக்குதும்மா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உப்புப் போட்டுக் கொண்டா.” நான் பழத்தை நறுக்கியிருந்தேன். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

அவளுக்கு அட்டை இல்லை. வீட்டு ஆளுக்கு அட்டை போடுகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. மற்ற டாக்டர்கள் வீட்டு ஆட்களிடம்கூடக் கை நீட்டாத மனுஷன், சொந்த மகளுக்கு எதற்கு அட்டை போடப்போகிறார்? அட்டை இல்லை, அதனால் பில் இல்லை, பில் இல்லாததால் பாக்கி இல்லை. ஊரில் யாரிடமெல்லாம் அவர் காசு கேட்டாரோ அவர்கள் எல்லாம் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள், கேட்காமல் விட்ட ஒரே பிள்ளை வரவில்லை. மாசாமாசம் பில் போன மறுநாள் நான் நடுக்கதவின் பின்னால் நின்று, கேட்டைத் திறக்கிற ஒவ்வொரு கையையும் பார்த்தேன். ஒரு மாசம் அல்ல, இரண்டு மாசம் அல்ல. அதனால்தான் துளசிபாய் சொன்னது அப்படிக் குத்திற்று. அவள்மேல் தப்பில்லை. உண்மையைச் சொல்கிறவர்களுக்குக் குரல் எப்போதும் கொஞ்சம் கீச்சென்றுதான் இருக்கிறது.

துளசிபாய் அப்படிச் சொன்ன அன்றைக்கே ஆரோக்கியம் வந்தான். வந்தவன் ஹாலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். “அண்ணே, உயிரோட உள்ள பேஷண்ட் பாதிப்பேர் அடுத்த தெரு டாக்டருக்குப் போறாங்க. நிக்க இடமில்லையாம். செத்தவங்க பேரையெல்லாம் தூக்கிடுறேன். வர்ற ஒண்ணாம் தேதி பில்லு போகட்டும், அதுதான் கடைசி. அதுக்கப்புறம் அது தானா அவங்கள விட்டுடும்.”

இவர் சரி என்றார். எதற்கும் சரி என்கிற மனுஷன்.

ஆரோக்கியம் போனதும் நான் ஒரு புது அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

“ரெஜிக்கு பில் போடுங்க.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “என்ன பேசுற ஜெசி.”

“தமிழ்தான் பேசுறேன். பில் போடுங்க. கன்சல்ட்டிங் போடுங்க, ஊசி போடுங்க, குளுக்கோஸ் பாட்டில் போடுங்க, கட்டிலுக்கு வாடகை போடுங்க. ஊரானுக்கு என்ன போடுவீங்களோ அதைப் போடுங்க.”

“என் பிள்ளைக்கு நான் பில் போடவா?”

“உங்க பிள்ளைன்னு விட்டதாலதான் வராம இருக்கா. காசிம் ராவுத்தர் வர்றார், துளசிபாய் மாமியார் வர்றாங்க, அந்தம்மா முகத்தைப் பார்க்க யாரு அழுதா? என் பிள்ளை வரல. கடைசித் தடவைன்னு உங்க தம்பி சொல்லிட்டுப் போயிட்டார். எழுதுங்க.”

அவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேலே பேர் எழுதினார். தேதியை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. மருந்துகளை ஒவ்வொன்றாக, மணி முதற்கொண்டு, எதையும் யோசிக்காமல் எழுதினார். அவர் ஒன்றையும் மறந்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருஷமாக இந்த வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனுஷன் அந்த நாளின் ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். வியாதி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“இங்க என்ன எழுத?”

“அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அதையே எழுதுங்க.”

எழுதினார். சாதாரணக் காய்ச்சல். எழுதிவிட்டு எழுந்துபோய் வாஷ்பேசினில் கை கழுவினார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போய்க் குழாயை மூடுகிற வரைக்கும் அவர் கழுவிக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்ததா? சவரியம்மா அட்டையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், கடைசியில் தொகை பூஜ்யம் என்று வந்து நிற்கிறது. “வீட்டு ஆளுன்னா அது தானா பூஜ்யம் போட்டுடும்மா. தம்பி அப்படித்தான் பண்ணி வச்சிருக்காரு. இந்தா பாருங்க, ‘டாக்டருக்கு உறவு’ன்னு ஒரு கட்டம். மகள்னு அடிச்சா பில்லு வராது.”

“என்ன அடிச்சா வரும்?”

சவரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. “இல்லைன்னு அடிக்கணும்.”

“அடி” என்றேன்.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை...”

“பெத்தவ நான் சொல்றேன் சவரியம்மா, அடி.”

உறவு: இல்லை. ஒண்ணாம் தேதி பிறந்ததும் பிரிண்டர் ஒரு இருமல் இருமிவிட்டு எங்கள் மகளுடைய பில்லைத் தள்ளியது. விலாசம் எங்கள் விலாசமே. நான் அதைத் தபாலுக்குக் கொடுக்கவில்லை, பக்கத்து அறைக்குப் போக எதற்கு ஸ்டாம்பு? மடித்துக் கவரில் போட்டு, ஊரில் எல்லாரும் செய்தது போலவே, அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து என் மாவுடப்பாவுக்குள் போட்டேன்.

“இங்க பாருங்க,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், “அவ வந்து எவ்வளவுன்னு கேட்பா. எழுதியிருக்கிற தொகையைச் சொல்லுங்க. கையில காசு இருக்காது. அடுத்த மாசம் கொண்டான்னு சொல்லுங்க. பாக்கி நிக்கட்டும். பாக்கி இருந்தா, உங்க தம்பி மிஷின் விட்டாலும் நான் கையால எழுதுவேன், மாசாமாசம் எழுதுவேன், என் கண்ணு அவிஞ்சு போற வரைக்கும் எழுதுவேன். கோடு மட்டும் இழுக்காதீங்க.”

“சரி” என்றார்.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கடைசித் தடவையாக வந்தார்கள். கடைசி என்று உயிருள்ளவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஹாலில் இடம் இல்லாமல் வராந்தா, கேட்டு, பூக்கடைவரைக்கும் ஆட்கள். நான் அன்று நடுக்கதவின் பின்னால் நிற்கவில்லை. ஹாலிலேயே, சவரியம்மா மேஜைக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் என் முந்தானையைப் போட்டு வைத்திருந்தேன். துளசிபாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள், அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ரெஜி கேட்டு வழியாக வரவில்லை. வீட்டுப் பிள்ளை எதற்குக் கேட்டு வழியாக வரவேண்டும், நடுக்கதவைத் திறந்துகொண்டு உள்ளேயிருந்து வந்தாள். கல்யாணமாகாத பிள்ளை என்று நாங்கள் உடுத்தி அனுப்பிய அந்த வெள்ளை கவுன், தலையில் துணிப்பூ முடி. கையில் கவர். நேராக சவரியம்மாவிடம் போய் டோக்கன் வாங்கினாள். சவரியம்மா அவள் பிறந்ததிலிருந்து பார்த்தவள், கடைசி டோக்கனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். நான் சொல்லிவைத்தபடி. ரெஜி வந்து என் முந்தானையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் என்ன பேசுவேன் என்று அத்தனை மாசமாக யோசித்து வைத்திருந்தேன். பூமுடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, அதை நேராக்கினேன்.

“குத்துதும்மா” என்றாள்.

“இரு.” உள்ளே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நான்தான் அன்றைக்கு அவசரத்தில் கவனிக்காமல் வைத்திருக்கிறேன். மடக்கிவிட்டேன். அவள் நெற்றியைத் தொட்டேன், சூடு இருந்தது. சூடு இருந்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

எதிர் நாற்காலியிலிருந்து காசிம் ராவுத்தர் இருமலை அடக்கிக்கொண்டு, “பாப்பா நல்லாயிருக்கியா?” என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். இறந்தவர்கள் கடைசியில் கேட்டதைத்தான் திரும்பக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா, ஊருக்கே தெரியுமே. ஆனாலும் அது வந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

“வாய் கசக்குதும்மா. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உப்புப் போட்டுக் கொண்டா.”

சவரியம்மாவைப் பார்த்தேன். ரெஜிக்கு முன்னால் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். நடுக்கதவிலிருந்து அடுப்படி எவ்வளவு தூரம்? “இந்தா வந்துட்டேன், எந்திரிக்காத” என்று சொல்லிவிட்டு ஓடினேன். எலுமிச்சம்பழம் ஃப்ரிட்ஜில் இருந்தது, கட்டியாக, சாறு விடாமல். நல்லது கிடைக்கும் என்று ஒன்றை விட்டு இன்னொன்றை நறுக்கினேன். உப்பு போட்டேன். வாய் வைத்துப் பார்த்து இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். பெரிய டம்ளர் வேண்டாம், அவள் குடிக்கிற அந்தச் சின்ன டம்ளர் எங்கே என்று அலமாரியில் தேடினேன்.

நான் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

துளசிபாய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றாள், உட்காரவில்லை. என் வீட்டுக்காரர் தன் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், கையில் அந்தப் பில். நான் பில்லைத்தான் முதலில் பார்த்தேன். அதில் கோடு இல்லை. சிவப்புப் பேனா மாவுக்குள் கிடக்கிறது, கோடு எப்படி இருக்கும்?

“அவளா எந்திரிச்சு உள்ள வந்துட்டா ஜெசி,” என்றார். “டோக்கன் கூப்பிடல. எப்பவும் போல கதவைத் தள்ளிக்கிட்டு வந்தா. மேஜைமேல பில்லை வச்சா. ‘எவ்வளவுப்பா’ன்னு கேட்டா.”

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தொகையைச் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். சொல்லிப் பார்த்து வச்சிருந்தேன். ஆனா அவ முகத்தைப் பார்த்ததும்...” அவர் பில்லைத் திருப்பிப் பார்த்தார். “‘உனக்கு எதுக்கும்மா பில்லு’ன்னு வந்துருச்சு. பேனா இல்ல, எழுதல, வாயாலதான் சொன்னேன். அவ சிரிச்சா ஜெசி. முகமெல்லாம் வெளிச்சமாயிருச்சு. ‘தேங்க்ஸ்ப்பா’ன்னு சொல்லிட்டு...”

அவர் கேட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பூக்காரி கூடையோடு எழுந்து நின்று திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே யாரும் இல்லை.

நான் அவரைத் திட்டவில்லை. என் நாக்கைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும், அன்று அது எழும்பவில்லை. மூன்று வருஷமாக அவர் எண்ணிக்கொண்டிருந்தது என்ன என்று எனக்குத் தெரியும், அப்பா மகளுக்கா, மகள் அப்பாவுக்கா, யார் யாருக்கு எதைத் தள்ளுபடி செய்தார்கள் என்று நான் எதற்குக் கேட்கவேண்டும்? நான் மேஜைப் பக்கம் திரும்பினேன். அந்தக் கடைசி டோக்கன், அவள் வாங்கிக்கொண்டு போன அந்த டோக்கன், மேஜைமேல் கிடந்தது. போகிற போக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், ஒழுங்கான பிள்ளை.

“சவரியம்மா, இந்த டோக்கனை நீ இன்னும் கூப்பிடவே இல்லையே,” என்றேன். “கூப்பிடு.”

சவரியம்மா தன் கைகளைப் பார்த்தாள். ராவுத்தர் தொண்டையில் நின்ற இருமலை விழுங்கினார். மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டம்ளரில் எலுமிச்சை விதை ஒன்று சுற்றிச் சுற்றி மிதந்து, அடியில் போய் உட்கார்ந்தது.

“ஒரே ஒரு தடவை. சத்தமா, பேரைச் சொல்லிக் கூப்பிடு சவரியம்மா. திருப்பத்துலதான் போய்க்கிட்டிருப்பா. கேட்கும்.”